சோளகத்தில் வரும் காசு, வாடையில் கட்டும் தவணை: திருகோணமலையில் சிறு கம்பனி நடத்துவோருக்கு ஒரு முதலீட்டு வழிகாட்டி

எங்கள் குடும்பக் கம்பனி கரையில் மீன் வாங்கிப் கொழும்புக்கு அருகே உள்ள பேலியகொடைச் சந்தைக்கு அனுப்புகிறது. பல வருடங்களாக ஐஸை வெளியில்தான் வாங்கினோம். ஒரு நாள் நானும் அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் இருந்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். "சொந்தமாக ஐஸ் ஆலை வைத்தால் இரண்டரை வருடத்தில் முதல் திரும்பிவிடும்" என்று வந்தது. அந்தத் தாளை நம்பி வங்கிக்குப் போனோம்.

இயந்திரம் ஜூன் மாதக் கடைசியில் வந்தது. மும்முனை மின்சாரத்துக்கு நான் விண்ணப்பித்ததே அதற்குப் பிறகுதான். ஆலை ஓடத் தொடங்கியபோது செப்டெம்பர் 20. ஒரு மாதத்தில் காற்று மாறிவிட்டது: கடல் அமைதியான சோளகம் போய், மழைக்கால வாடை வந்தது. நவம்பர் மழையில் திருக்கடலூர்க் கரையில் வள்ளங்களை மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். எங்கள் கொட்டகையில் ஐம்பது கிலோக் கட்டிகள் உமி மூடிக் கிடந்து, ஓரம் கரைந்து, வாசல்வரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் முதல் தவணை. அம்மாவின் காப்பும் அண்ணியின் சங்கிலியும் அடகுக்குப் போயின.

அந்தப் பாடத்தைப் படிப்படியாகக் கீழே எழுதுகிறேன். உதாரணம் ஐஸ் ஆலை. ஆனாலும் நிலாவெளியில் விடுதிக்கு மேல்மாடி கட்டுபவருக்கும், கிண்ணியாவில் நெல் உலர்த்தும் இயந்திரம் வாங்குபவருக்கும் படிகள் இவைதான். தொகைகள் விளக்கத்துக்காக முழு எண்களாக்கப்பட்டவை. உங்கள் தொகைகளை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் கம்பனிக் காசையும் வீட்டுக் காசையும் பிரியுங்கள்

கடன் கேட்பதற்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். வங்கி உங்கள் கணக்குக்கூற்றை மாதக் கணக்கில் வரிவரியாகப் பார்க்கும். எங்களுடையதில் மகளின் டியூஷன் காசும், கோயில் திருவிழா உபயமும், தம்பியின் மோட்டார் சைக்கிள் தவணையும் கம்பனிக் கணக்கிலிருந்தே போயிருந்தன. கடன் அதிகாரி ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனார். என் காது சுட்டது.

பணிப்பாளர்கள் மாதச் சம்பளம் எடுங்கள். வீட்டுச் செலவு அதிலிருந்து போகட்டும். பணிப்பாளர் ஒருவர் கம்பனிக்குக் கைக்காசு கொடுத்தால் அதைக் கடனாகப் புத்தகத்தில் எழுதி, கூட்டக் குறிப்பிலும் பதியுங்கள். இலாபத்தைப் பங்குதாரர்கள் பகிர்வதென்றால், பகிர்ந்த பிறகும் கம்பனி தன் கடன்களை உரிய காலத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கம்பனிகள் சட்டம் சொல்கிறது. "கையில் இருக்கிறது, எடுப்போம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

2. விலைக்கூற்றை முழுச் செலவென்று எண்ணாதீர்கள்

எங்கள் நாட்காட்டித் தாளில் இருந்தது ஒரே ஒரு எண்: 90 இலட்சம். அது விற்பனையாளரின் விலைக்கூற்று. உண்மையில் 128 இலட்சம் போனது. இடையில் இருந்த 38 இலட்சத்துக்கு ஒரே பெயர் கிடையாது. கொழும்பிலிருந்து ஏற்றி இறக்கும் கூலி, சீமெந்து அடித்தளம், மும்முனை இணைப்பு, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டியும் வடிகட்டியும், கொட்டகைக்கு வெப்பம் புகாத சுவர், காப்புறுதி, ஆலை ஓடுவதற்கு முந்தைய மாதங்களின் சம்பளமும் வட்டியும், முதல் பருவத்துக்கான தொழிற்படு மூலதனம் (அன்றாட ஓட்டத்துக்கான கைக்காசு) என்று சில்லறை சில்லறையாக அது சேர்ந்தது.

இதில் பலர் மறப்பது தொழிற்படு மூலதனத்தை. ஐஸைச் சம்மாட்டிமார் (வள்ளச் சொந்தக்காரர்) கடனுக்குத்தான் எடுப்பார்கள். கடலுக்குப் போய் வந்து மீன் விற்ற பிறகுதான் தருவார்கள். கொழும்பு வியாபாரி காசோலை தருவார், அதிலும் பின்திகதி இருக்கும். ஆனால் வேலையாட்களின் சம்பளமும் மின்சாரமும் காத்திருப்பதில்லை. விற்பனை கூடக் கூட வெளியில் நிற்கும் காசும் கூடும். கணக்குப் புத்தகத்தில் இலாபம் காட்டிக்கொண்டே கம்பனி மூச்சுத் திணறுவது இப்படித்தான்.

விலைக்கூற்றில் மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள்.

வரி: 18 சதவீதப் பெறுமதி சேர் வரி உள்ளே சேர்ந்திருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உங்கள் கம்பனி அந்த வரிக்குப் பதிவு செய்யாததென்றால் அதை மீளப்பெற வழியில்லை; அது முழுக்க உங்கள் செலவு.

நாணயம்: விலை டொலரிலா, ரூபாயிலா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அந்த இரண்டு மாதத்துக்குள் முற்பணம் மட்டும் கட்டிவிட்டு மீதிக்குக் காத்திருந்தவர் நிலையை எண்ணிப் பாருங்கள். ரூபாயில் விலையை எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொடுப்பனவு முறை: முழுத் தொகையையும் இறக்கிய அன்றே கொடுத்துவிடாதீர்கள். பத்து சதவீதத்தையாவது, இயந்திரம் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு தருவதாக எழுதுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. கம்ப்ரஸர் கோளாறுக்குப் பழுதுபார்ப்பவரை வரவழைக்க மூன்று வாரம் தொலைபேசியோடு இருந்தேன்.

3. பன்னிரண்டு கட்டம் போட்ட தாள்

முழுக் கட்டுரையிலும் ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய தாளில் ஜனவரி முதல் டிசெம்பர் வரை பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் அந்த மாதத்தில் கைக்கு உண்மையில் வரும் காசு, உண்மையில் போகும் காசு. விற்ற மாதத்தில் விற்பனையை எழுதாதீர்கள். காசு வரும் மாதத்தில் எழுதுங்கள். பெறுமானத் தேய்வை (இயந்திரம் பழசாகப் பழசாக அதன் பெறுமதி குறைவதை) எழுதாதீர்கள். அது காசாக எங்கும் போவதில்லை.

திருகோணமலையின் வருடம் இரண்டு துண்டாக இருக்கிறது. சோளகக் காலத்தில் கடல் அமைதி. மேற்குக் கரையிலிருந்துகூட மீனவர்கள் வந்து இங்கே வாடி (தற்காலிகக் குடில்) அமைப்பார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறையும். வாடை தொடங்கியதும் இரண்டும் படுத்துவிடும். மேற்குக் கரைக்காரருக்கு இது தலைகீழ். ஆகவே கொழும்பில் எழுதிய மாதிரித் திட்ட அறிக்கையை ஊர்ப் பெயர் மாற்றிக் கொடுத்தால், முதல் பக்கத்திலேயே பிழை.

எங்கள் தாளில் மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஏழு மாதம், மாதம் 6 இலட்சம் மிச்சம். மற்ற ஐந்து மாதமும் மாதம் 1.2 இலட்சம் குறை. வருடத்துக்கு 42இல் 6 போக 36 இலட்சம். வருடக் கணக்காகப் பார்த்தால் மாதம் 3 இலட்சம் வருவது போலத் தெரியும். அந்த 3 இலட்சம் எந்த மாதத்திலும் வருவதில்லை.

இதில் கடன் தவணையைச் சேருங்கள். 80 இலட்சம், 15 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1.9 இலட்சம். ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை மாதம் 3.1 இலட்சம் வெளியே போகும். ஐந்து மாதத்தில் 15.5 இலட்சம். செப்டெம்பர் 30 அன்று அந்தத் தொகை தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் அடகுக்கடைதான்.

வரியும் இதே காலத்தில்தான் வந்து நிற்கும். கம்பனி வருமான வரி பொதுவாக 30 சதவீதம். அதைச் சுயமதிப்பீட்டில் நான்கு காலாண்டுத் தவணையாக ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் கட்ட வேண்டும். நான்கில் இரண்டு வாடைக்குள் விழுகின்றன. சம்பளத்துக்கு மேல் தொழில்தருநர் கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் பருவம் பார்ப்பதில்லை. வேலையில்லாத மாதத்திலும் இயந்திரம் ஓட்டும் நல்ல ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவர் அடுத்த பருவத்துக்கு வேறொருவரிடம் போய்விடுவார்.

4. நாளைய காசை இன்றைய பெறுமதிக்கு மாற்றுங்கள்

"எத்தனை வருடத்தில் முதல் திரும்பும்" என்பது நல்ல கேள்விதான், ஆனால் அரைக் கேள்வி. 90ஐ 36ஆல் வகுத்து இரண்டரை வருடம் என்று மகிழ்ந்தோம். 128ஐ வகுத்திருந்தால் மூன்றரை வருடத்துக்கு மேல். அதுவும் வட்டியைப் பார்க்காமல்.

பாடசாலையில் வணிகம் படித்தவர்களுக்குத் தேறிய தற்போதைய பெறுமதி (வரும் வருடங்களின் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைத்து, போட்ட முதலைக் கழித்தால் வருவது) என்ற சொல் நினைவிருக்கும். பரீட்சையோடு மறந்துவிட்ட அதைத்தான் இங்கே எடுக்க வேண்டும். ஐந்து வருடம், வருடத்துக்கு 36 இலட்சம் (வரி போக), ஐந்தாம் வருட முடிவில் இயந்திரத்தை 20 இலட்சத்துக்கு விற்கலாம் என்று கொள்வோம்.

நாளைய காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் கழிவு வீதம் 18 சதவீதம் என்றால் வருடாந்த வரவின் இன்றைய பெறுமதி 112.6 இலட்சம், விற்பனைத் தொகையினுடையது 8.7 இலட்சம், மொத்தம் 121.3. முதல் 90 மட்டும் என்று எண்ணினால் 31 இலட்சம் நன்மை. உண்மையான 128ஐப் போட்டால் 6.7 இலட்சம் நட்டம். அதே இயந்திரம், அதே ஐஸ்.

வீதத்தை 13 சதவீதமாக்கினால் மொத்தம் 137.5 இலட்சம், இப்போது 9.5 இலட்சம் நன்மை. ஆக இந்த முதலீடு வட்டியின் விளிம்பில் நிற்கிறது. வங்கி எத்தனை வீதத்துக்குத் தருகிறது என்பதை அறியாமல் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்ல இடமில்லை. சொந்தக் காசு போடுகிறோம், வட்டியில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காசு நிலையான வைப்பில் கிடந்திருந்தால் வட்டி வந்திருக்கும். ஆலையில் ஆபத்தும் கூட. ஆகவே வைப்பு வட்டிக்கு மேலேதான் வீதத்தை வையுங்கள்.

எக்செல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணிநேர வேலை. கணக்காளரிடம் கொடுத்தாலும் மாதாந்தத் தாளை நீங்களே எழுதிக் கொடுங்கள். கரையில் எந்த மாதம் எத்தனை வள்ளம் இறங்கும் என்பது அவருக்குத் தெரியாது.

5. கணக்கை நீங்களே உடைத்துப் பாருங்கள்

மூன்று அடி கொடுத்துப் பார்த்தோம், பிந்தித்தான்.

பருவம் ஒரு மாதம் சுருங்கினால்? ஆறு மாதம் வரவு, ஆறு மாதம் குறை. 36 இலட்சம் 28.8ஆக இறங்கும். வருடாவருடம் அப்படியானால் 13 சதவீதத்திலேயே 16 இலட்சம் நட்டம். மற்ற எதையும்விட இதற்குத்தான் எங்கள் கணக்கு பயந்தது.

மின்கட்டணம் ஏறினால்? 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. மின்சாரத்துக்கு வருடம் 18 இலட்சம் போகும் ஆலையில் 66 சதவீத ஏற்றம் ஏறத்தாழ 12 இலட்சம். ஐஸ் தொழிலில் மின்சாரம்தான் மூலப்பொருள் என்று எண்ணுங்கள். ஒப்பந்தக் கேள்வி (ஒரே நேரத்தில் இழுக்க ஒப்பந்தமான மின் அளவு) 42 கே.வி.ஏ.யைத் தாண்டும் கைத்தொழில் இணைப்பில், உண்மையில் இழுத்த அதிகபட்ச அளவான உச்சக் கேள்விக்கும் தனிக் கட்டணம் உண்டு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகின் விலை அதிகம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைவு. இயந்திரத்தின் கொள்ளளவைத் தீர்மானிக்கும்போதே, இரவு ஏழு மணிநேரத்தில் எவ்வளவு ஐஸ் எடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் இரண்டு மாதம் மாலையிலும் ஓட்டினோம். பட்டியலைப் பார்த்த பிறகு அண்ணன் ஆறரை மணிக்கே சுவிட்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்காரத் தொடங்கினார்.

வட்டி ஏறினால்? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களின் தவணை அதோடு ஏறியது.

6. காசு எங்கிருந்து

நீண்டகாலச் சொத்துக்கு நீண்டகாலக் கடன். மேலதிகப் பற்றில் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் வசதி) இயந்திரம் வாங்கவே கூடாது. அந்த வசதி வாடைக்கால இடைவெளியை அடைக்க இருக்கிறது. அதை மார்ச்சிலேயே தின்றுவிட்டால் டிசெம்பரில் என்ன செய்வீர்கள்?

வங்கியிடம் கேட்க வேண்டியவை: வட்டி நிலையானதா, மாறுவதா? மாறுவதென்றால் எதைச் சார்ந்து? பெரும்பாலும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் முதன்மை வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியின் சராசரி) சில சதவீதம் சேர்த்துச் சொல்வார்கள். அந்த வீதத்தை மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. முதல் தவணைக்கு முன் சலுகைக் காலம் எத்தனை மாதம்? சோளகத்தில் கூடிய தவணை, வாடையில் வட்டி மட்டும் என்று அமைத்துத் தர முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. இரண்டாம் வருடம் வெட்கத்தை விட்டுப் பன்னிரண்டு கட்டத் தாளோடு போய்க் கேட்டேன். அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். தவணை மாற்றியமைக்கப்பட்டது.

லீசிங்காரர் "வட்டி பத்து சதவீதம்தான்" என்றால், அது குறையும் நிலுவைக்கா அல்லது முழுத் தொகைக்கா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கு ஐந்து வருடமும் பத்து சதவீதம் என்றால், ஒரு இலட்சத்துக்கு மாதம் 2,500 ரூபாய். அதன் உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 17.3 சதவீதம்.

7. ஆவணங்கள்

கம்பனியின் பக்கம்: கூட்டிணைப்புச் சான்றிதழ், அமைப்பு விதிகள், பணிப்பாளர் விபரம் உள்ள படிவம் 1, பிறகு பணிப்பாளர் மாறியிருந்தால் படிவம் 20, கடன் பெறுவதற்கான பணிப்பாளர் சபைத் தீர்மானம், கணக்காய்வு செய்த மூன்று வருட நிதிக் கூற்றுகள், வரி செலுத்திய சான்றுகள், வங்கிக் கூற்றுகள், பணிப்பாளர்களின் அடையாள அட்டைப் பிரதிகள்.

ஐந்தொகை (சொத்தையும் கடனையும் காட்டும் கூற்று) மார்ச் 31 அன்றைய நிலையைக் காட்டும். வாடையைத் தாண்டி எழும்பிய அந்த நாளில் எங்கள் கம்பனி நோயாளி; செப்டெம்பர் 30இல் எடுத்தால் மாப்பிள்ளை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு இது தெரியாது. மூன்று வருடத்து மாதாந்த விற்பனையைத் தனித்தாளில் இணையுங்கள்.

பிணைக் காணியின் பக்கம்: மூல உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் பதிவுப் பிரதிகள், உள்ளூராட்சி மன்றத்தின் தெருக்கோட்டுச் சான்றிதழ், ஆதன வரிப் பற்றுச்சீட்டு, பெறுமதி மதிப்பீட்டு அறிக்கை. சட்டத்தரணி உரிமைத் தொடரைப் பல பத்து வருடம் பின்னோக்கித் தேடுவார். இடம்பெயர்வில் உறுதி தொலைந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படியானால் இந்த ஒரு வேலைக்கே சில மாதம் ஒதுக்குங்கள்.

பெரிய பொறி இதுதான்: உங்கள் காணி அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணியா? இந்த மாவட்டத்தில் அப்படியான காணிகள் ஏராளம். உறுதிக் காணி போல அதை ஈடு வைக்க முடியாது. நாங்கள் கொடுத்த முதல் காணி அப்படியானது என்பது ஆறு வாரம் கழிந்து, மதிப்பீட்டுக் கூலியும் கட்டிய பிறகுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. விண்ணப்பத்துக்கு முன்பே பத்திரத்தோடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள்.

எல்லாரும் 'கிரிப்' என்று சொல்லும் கடன் தகவல் பணியக அறிக்கையை ஒவ்வொரு பணிப்பாளரும் முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். தம்பி யாருக்கோ பிணை நின்ற ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங் எங்கள் கோப்பை மூன்று வாரம் நிறுத்தி வைத்தது.

ஆலைக்கு: வியாபார அனுமதிப்பத்திரம், கட்டட அனுமதி. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்பதை இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

8. தீர்மானத்தைச் சட்டப்படி எழுதுங்கள்

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள சொத்தை வாங்குவது பெரிய கொடுக்கல்வாங்கல். அதற்குப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமோ, அனைவரின் எழுத்துமூலச் சம்மதமோ வேண்டும். சிறு கம்பனிக்கு ஓர் இயந்திரமே இந்த எல்லையைத் தாண்டிவிடும். "நாங்கள் எல்லாரும் சகோதரர்தானே" என்று விடாதீர்கள். கம்பனிச் செயலாளரிடம் சொன்னால் ஒரு பக்கத்தில் முடித்துத் தருவார். பணிப்பாளர்கள் தனிப்பட்ட பிணைக் கையெழுத்து வைத்தால், கம்பனி கட்டாவிட்டால் வீடு கட்டும் என்று பொருள். கையெழுத்துக்கு முன் மனைவிமாரும் அதை அறிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அறிந்திருக்கவில்லை. அதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

9. எந்த மாதத்தில் எது

இயந்திரம் மார்ச் முதல் வாரம் ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். எங்களுக்கு வங்கி அனுமதி பதினொரு வாரமும், மின் இணைப்பு ஒன்பது வாரமும் எடுத்தன.

முந்தைய மே, ஜூன்: கிரிப், உறுதி, காணிப் பதிவகம். சோளகத்தில் நேரமில்லை என்று தள்ளாதீர்கள். கரைவேலை முடிந்து பத்து மணிக்குப் போனாலும் கந்தோர் திறந்திருக்கும்.

ஜூலை: குறைந்தது மூன்று விலைக்கூற்று. ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு ஆலைகளை நேரில் பாருங்கள். முதலாளியிடம் பேசிவிட்டு, பிறகு இயந்திரம் ஓட்டுபவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஓகஸ்ட்: பன்னிரண்டு கட்டத் தாள், தற்போதைய பெறுமதிக் கணக்கு, மூன்று அடிகள். இங்கே கணக்கு விழுந்தால் நிறுத்திவிடலாம். இதுவரை போனது சில ஆயிரம் ரூபாய்தான்.

செப்டெம்பர்: வங்கி விண்ணப்பமும் மின் இணைப்பு விண்ணப்பமும் ஒரே வாரத்தில்.

ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் அடித்தளக் கொங்கிரீட்டை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு மழைக்குள் குழி வெட்டினால் தண்ணீர் இறைக்கவே கூலி போகும்.

டிசெம்பர்: கடன் ஒப்பந்தம், முற்பணம். ஜனவரிக் கடைசியில் இயந்திரம் இறங்கட்டும். பெப்ரவரி முழுவதும் ஒத்திகை ஓட்டம். முதல் கட்டிகள் பெரும்பாலும் நடுவில் வெள்ளையாக, உப்புச் சுவையோடுதான் வரும். தண்ணீரைச் சரிசெய்ய அந்த மாதம் வேண்டும்.